பழியெல்லாம் பாதைமேல்

பொன்மலைப்பட்டி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள வெர்னியர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சோம்பலில் பதில் போடவில்லை என்று நினைக்காதே, வெட்கம். ‘என் மாடல் எஞ்சின் எஸ் வளைவில் தடம் இறங்கிவிடுகிறது, நீதான் வழி சொல்லவேண்டும்’ என்று எழுதியிருந்தாய். என் மாடல் எஞ்சினே பாதை பிரிகிற பாயிண்டில் குப்புறக் கிடக்கும்போது உனக்கு என்னத்தைச் சொல்ல? நேற்றுதான் எழுந்து ஓடியது.

கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை விட்டுவிடாதே. டாக்டர் சரி என்று சொல்லும்வரை சோல்டரிங் அயன் பக்கம் போகாதே, புகை கண்ணுக்கு ஆகாது. இங்கே வெயில் கொளுத்துகிறது. மொட்டைமாடி அறையில் காலை எட்டு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை.

என் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின் மாடல் உனக்குத் தெரியும். உடம்பு நான் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டியது, கால் அமெரிக்காவுடையது. ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி எஞ்சினின் மாடல் ஒன்றின் அடிச்சட்டம் பழையதாகக் கிடைத்தது. நம் டபிள்யூடிஎம்-2வும் 1962-ல் ஆல்கோவிடமிருந்து வந்ததுதானே. எஞ்சினுக்கு அடியில் அச்சுகளைத் தாங்கித் திரும்பும் போகியில் மூன்று அச்சும் சம இடைவெளியில் இருக்காதே, அந்த ட்ரைமவுன்ட் போகி அப்படியே பொருந்திவிட்டது. தண்டவாள அகலத்தில்தான் ஏமாற்று. 87-ல் ஒரு பங்கு அளவுக்கு நம் அகலப்பாதை 19.3 மி.மீ. வரவேண்டும். கிடைப்பதோ 16.5. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுகிறது, பாவம்.

போன மாசம் யார்டு பாயிண்டில் முதல் தடவை இறங்கியது. முன் போகி தாண்டிவிடும். பின் போகியின் முதல் அச்சு கிராஸிங் மூக்கில், இரண்டு தண்டவாளம் கூடும் கூர்முனையில், ஏறி விழும். மூன்று தடவை போனால் ஒரு தடவை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாதையைத் திட்டினேன். வண்டி இறங்கினால் சக்கரத்துக்காரன் பாதையைக் காட்டுவான், பாதையைப் பராமரிக்கும் பி.வே.காரர் சக்கரத்தைக் காட்டுவார். இரண்டு தரப்பும் சேர்ந்து ஜாயிண்ட் மெஷர்மென்ட் எடுக்கும்போது நாம் எத்தனை தடவை கத்தியிருப்போம்! வீட்டில் இரண்டு டிபார்ட்மென்டும் நான்தான். அப்படியிருந்தும் பழி பி.வே. மேல்தான் போயிற்று.

தண்டவாளத்தோடு கன்னத்தை வைத்துப் பார்த்தேன். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஒரு ஜாயினரில் தண்டவாளம் உள்ளே போகாமல் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. ‘ஆஹா, குற்றவாளி’ என்று கழற்றி மாட்டினேன். பிறகும் இறங்கியது. பாயிண்டில் நகரும் டங் ரெயிலின் நுனி, நகராத ஸ்டாக் ரெயிலோடு ஒட்டவில்லை என்று அரம் போட்டேன். இறங்கியது. கடைசியில் புத்தி கெட்டுப்போய், பாயிண்டுக்கு முன்னால் இருக்கும் வளைவில் வெளித் தண்டவாளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பட்டையைச் செருகி உயர்த்தி, கேன்ட் கொடுத்தேன். படிப்படியாக ஏற்றாமல் ஒரே இடத்தில் ஏற்றினால் பாதை முறுக்கிக்கொள்ளும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது வளைவிலும் இறங்க ஆரம்பித்தது.

நடுவில் அளந்தும் பார்த்தேன். நீ ரிட்டயர் ஆன அன்று என் மேஜையில் மறந்துவிட்டுப் போன வெர்னியர் அளவுகோலால்தான். (ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை வருஷமாகத் தேடினாய்?) ஆறு அச்சிலும் சக்கரத்தின் உள்முகத்துக்கு உள்முகம் பதினாலரை மில்லிமீட்டர். சரியான அளவு. அசலில் 1600 மி.மீ. வைத்து அளந்த கைக்கு இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று சக்கரத்துக்கு நல்லவன் சர்டிபிகேட் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரிதான் கண்டுபிடித்தாள். துணி காயப்போட வந்தவள், ஓடுகிற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏங்க, இது ஏன் நொண்டுது?” என்றாள். எனக்குக் கேட்கவில்லை, காது இப்போது அப்படித்தான். வேகத்தைக் குறைத்துக் காதை அருகில் வைத்தேன். டிக்... டிக்... டிக். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு டிக்.

வண்டியைப் பஞ்சு மேல் கவிழ்த்துப் போட்டேன். போகியின் அடிமூடியைக் கழற்றி, அந்த அச்சை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடி வைத்தேன். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் கியரின் கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். இந்த மாடலில் அச்சு ஒரே கம்பி இல்லை. இரண்டு பக்கமும் அரை அச்சு, நடுவில் கியர் இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கும். வருஷங்கள் போகப்போக பிளாஸ்டிக் சுருங்கும், உள்ளே இருக்கும் இரும்பு சுருங்காது. பிளந்துவிட்டது. விரிசல் இருக்கிற இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடிப்போயிருந்தது, அதுதான் டிக். பிடி விட்டுப்போனதால் சக்கரம் ஓட ஓட வெளியே நகர்ந்திருக்கிறது. கையால் லேசாக இழுத்துவிட்டு அளந்தேன்: 15! தள்ளினால் பழையபடி பதினாலரை. மேஜையில் நல்லவன், பாதையில் போக்கிரி. இடைவெளி கூடினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லவேண்டாம். கிராஸிங்குக்கு எதிரே காவலுக்கு இருக்கும் செக் ரெயில் ஒரு சக்கரத்தைப் பிடித்து இழுப்பதற்குள் மறுபக்கத்துச் சக்கரத்தின் ஃபிளாஞ்ச் விளிம்பு கிராஸிங் மூக்கில் முட்டிவிடும்.

பசை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும், போடாதே. அந்த வழவழப்பான பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது. நான் போட்டு ஒரு நாள் வீணாக்கினேன். பல் எண்ணிக்கை ஒத்த புதுக் கியர் நாலு தபாலில் வரவழைத்தேன். பென்ச் வைஸில் வைத்து மெதுவாக அழுத்தி, நடுவில் நிறுத்தி அளந்து, மறுபடி அழுத்தி... ஒரு அச்சுக்கு முக்கால் மணி நேரம். முடித்ததும் ஜன்னல் கண்ணாடித் துண்டு மேல் உருட்டிப் பார்த்தேன், கோணலாக ஆடுகிறதா என்று. வீல் ஷாப்பில் வேலை பார்த்த நாளில்கூட இவ்வளவு பயந்து அழுத்தியதில்லை. ஒன்று பிளந்தால் மற்றதும் பிளக்கும் என்று பக்கத்து அச்சுக்கும் மாற்றிவிட்டேன். நேற்று அதே பாயிண்டில் நாற்பது தடவை முன்னும் பின்னும் விட்டேன். ஒரு தடவைகூட இறங்கவில்லை. கேன்ட் பட்டையையும் உருவிப் போட்டுவிட்டேன், மானத்தோடு.

பெட்டிகளெல்லாம் அந்தப் பாயிண்டில் ஒழுங்காகத்தான் போய்வந்துகொண்டிருந்தன. அதையும் தினம் பார்த்தேன். இருந்தும் மண்டையில் ஏறவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இனி உன் எஸ் வளைவு. உன்னுடையது நிஜமாகவே பாதைதான் என்று நினைக்கிறேன். சக்கரத்துக்காரன் சொல்கிறேனே என்று சிரிக்காதே. ஒரு வளைவு முடிந்த இடத்திலேயே எதிர் வளைவு தொடங்கினால், எஞ்சினின் வால் ஒரு பக்கம் போகும், பெட்டியின் தலை எதிர்ப்பக்கம் போகும். இரண்டையும் கோக்கும் கப்ளர் குறுக்கே இழுக்கும். நடுவில் ஒரு நேர்த்துண்டு போடு. நீளம், நீ ஓட்டுகிறதிலேயே நீளமான பெட்டியளவு. நீ இழுப்பது பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிதானே, 21.3 மீட்டர். நம் அளவில் சுமார் 245 மி.மீ. அந்த இடத்தில் உன் மேஜையில் அவ்வளவு இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் நீ வைத்திருக்கும் அந்தப் புத்தக அலமாரி நகரட்டும்.

அதற்கு முன்னால் எஞ்சினைக் கவிழ்த்து, போகியைக் கையால் திருப்பிப் பார். மோட்டாருக்குப் போகிற வயர் விறைப்பாக இருந்தால் போகி வளைவில் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். படிக்கட்டோ பிரேக் பைப்போ சக்கரத்தில் இடிக்கிறதா பார். அச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அள, சும்மா அளக்காதே.

உன் மாடலும் பழசுதான். கியரில் எத்தனை பல் என்று எண்ணி எழுது, என்னிடம் இரண்டு மிச்சம் இருக்கிறது. ஒத்துவந்தால் தபாலில் அனுப்புகிறேன். வெர்னியரை அனுப்பமாட்டேன், வேண்டுமென்றால் வண்டியேறி வந்து வாங்கிக்கொள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பென்ச் மேட்