பதினொரு வயதில் வென்ற குதிரை

ஆசிரியருக்கு,

குதிரைப் பந்தயம் என்றாலே, மூன்று வயதுக் குதிரைகளுக்கான புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தின் வெற்றியாளர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மூன்று வயதில் வென்று, நான்கு வயதில் இனப்பெருக்கப் பண்ணைக்குப் போய்விடும் குதிரைகள் அவை. இங்கிலாந்தின் ‘சீ பிஜன்’ பற்றியும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

1965 டெர்பியை வென்ற ‘சீ பர்ட்’டின் மகன் அது. 1973 டெர்பியில் ஓடி ஏழாவதாகத்தான் வந்தது. பிறகு காயடிக்கப்பட்டு, தடை தாண்டும் பந்தயங்களுக்கு அனுப்பப்பட்டது. இனப்பெருக்கத்துக்கு உதவாது என்பதாலேயே அதற்கு நீண்ட ஓட்டம் வாய்த்தது! கோடையில் சமதளப் பந்தயம், குளிர்காலத்தில் தடை ஓட்டம் என்று பயிற்சியாளர் பீட்டர் ஈஸ்டர்பி அதை ஓடவிட்டார். 1977, 1978 இரண்டு ஆண்டுகளிலும் செஸ்டர் கோப்பை என்ற சமதளப் பந்தயத்தில் வெற்றி. 1979இல் யார்க் நகரின் ஈபோர் பந்தயத்தில், திறமையான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றும் விதிப்படி, ஜாக்கியோடு சேர்த்து 10 ஸ்டோன், அதாவது 63 கிலோவுக்கும் மேல் சுமந்து மயிரிழையில் வென்றது.

தடை ஓட்டத்தின் முதன்மைப் பந்தயமான, செல்டனம் நகரின் சாம்பியன் ஹர்டிலில் மட்டும் 1978, 1979 இரு முறையும் ‘மங்க்ஸ்ஃபீல்டு’ என்ற குதிரை அதை இரண்டாமிடத்துக்குத் தள்ளியது. 1980இல் அதே குதிரையை வீழ்த்திப் பட்டம் பெற்றது. மறு ஆண்டு, பதினொரு வயதில், ஜாக்கி ஜான் ஃபிரான்கம் கடைசித் தடை தாண்டும்வரை அதை அடக்கி வைத்திருந்து, பிறகே முடுக்கினார். மீண்டும் வெற்றி! பந்தயக் குதிரைக்கு அது முதுமை. சமதளம், தடை ஓட்டம் இருவகையிலும் சேர்த்து 37 வெற்றிகள். 2000ஆம் ஆண்டுவரை உயிர் வாழ்ந்தது. டெர்பி வென்ற எத்தனையோ குதிரைகளைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

– வாசகர் ஒருவர், சென்னை