நியூட்ரல் கம்பியையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை வந்தாலே, இன்றைய மின்தேவை இத்தனை ஆயிரம் மெகாவாட் என்று தினமும் செய்தி வருகிறது. புதிய மின்நிலையம், காற்றாலை, சூரிய மின்சாரம் என்று நிறையப் பேசுகிறோம். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இருந்து வீட்டு மீட்டர் வரை வரும் அந்தக் கடைசி சில நூறு அடியைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. நாகை மாவட்டக் கடலோரத்தில் முப்பது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஐப்பசியில் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். பின்தெரு அம்மா ஒருவர் மூச்சிரைக்க வந்தார். "தம்பி, பல்பெல்லாம் கண்ணைக் கூசுது, ஃபேன் பிய்ச்சிக்கிட்டுப் போற மாதிரி சுத்துது, கொஞ்சம் வாங்க" என்றார். நான் போவதற்குள் ஃபிரிட்ஜில் இருந்து புகை வந்துவிட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தால் 340 வோல்ட். எதிர்வீட்டில் 70 வோல்ட்தான்; பல்பின் இழை மட்டும் சிவந்து கிடந்தது. வெளியே வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு, அதாவது வீட்டுக்குள் வந்த மின்சாரம் திரும்பிப் போகிற கம்பியின் இணைப்பு, உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூத்து, இற்று, விட்டுப் போயிருந்தது. அந்த ஃபிரிட்ஜ் அவர் சீட்டுப் போட்டு வாங்கியது.

இது ஏன் நடக்கிறது என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நெய்வேலியில் உற்பத்தியாகும் மின்சாரம் 230, 400 கிலோவோல்ட்டுக்கு ஏற்றப்பட்டுத்தான் வெளியூர் புறப்படுகிறது. வழியில் துணைமின்நிலையங்களில் படிப்படியாக இறங்கி, நம் ஊருக்குள் 11 கிலோவோல்ட்டாக வருகிறது. ஏற்றி இறக்குவதற்குக் காரணம் இருக்கிறது. 100 கிலோவாட்டை மூன்று ஃபேஸில் (மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளில்) 400 வோல்ட்டிலேயே அனுப்பினால் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 144 ஆம்பியர் ஓடும். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஐந்தேகால் ஆம்பியர் போதும். கம்பி சூடாகி வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியில் இழப்பு எழுநூறு மடங்குக்கு மேல் குறைந்துவிடும்.

அந்த 11,000 வோல்ட் லைனை அண்ணாந்து பாருங்கள். மூன்றே கம்பிகள்தான் இருக்கும், நியூட்ரல் இருக்காது. நியூட்ரல் பிறப்பதே தெரு டிரான்ஸ்பார்மரில்தான். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் வேறு வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராகக் கோர்த்துக்கொண்டு, அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மோட்டார் ஓடுகிற வீட்டுக்குக் குறைந்த பங்கு. இரண்டு பல்பு மட்டும் போட்டிருக்கிற வீட்டுக்குப் பெரும்பங்கு. அந்த அம்மா சிக்கனமாக இருந்ததற்குக் கிடைத்த பலன் அது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

2018 நவம்பரில் கஜா புயலடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன. வெளி மாவட்டங்களில் இருந்தெல்லாம் ஊழியர்கள் வந்து, வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டதை நாங்கள் மறக்க மாட்டோம். விழுந்த கம்பம் ஊருக்கே தெரியும். மெல்ல மெல்ல இற்றுப்போகிற இணைப்பு, வீட்டுப் பொருள் எரிகிற வரை யாருக்கும் தெரியாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். லைனில் உரசும் கிளைகளை வெட்டுகிறார்கள். நல்லதுதான். அதோடு, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறையாவது கடலோர ஊர்களில் கம்பம் கம்பமாக ஏறி நியூட்ரல் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். கையால் முறுக்கிய இணைப்பு இருந்தால், அதை எடுத்துவிட்டு முறையான கனெக்டர் போட வேண்டும். டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் (மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எர்த் குழிகள் கோடையில் காய்ந்து கிடக்கின்றனவா என்றும் அளந்து பார்க்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்பு திடீரென்று பளிச்சென்று எரிந்தாலோ, ஒரு வீட்டில் கூடி இன்னொரு வீட்டில் மங்கினாலோ, முதலில் மெயினை இறக்குங்கள். பிறகு பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டுப் புகார் கொடுங்கள். நியூட்ரல் வரவில்லை என்று எர்த் கம்பியை நியூட்ரலாகக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அப்படிக் கொடுத்தால், எர்த் சரியில்லாத வீட்டில் கிரைண்டரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும்.

நாளைய மின்தடைப் பகுதிகளைத் தவறாமல் வெளியிடுகிறீர்கள். அதன் கீழேயே இந்த எச்சரிக்கையையும் இரண்டு வரியில் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்