காலை 5:45-க்கு ஒரு நாள் என் வீட்டுக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இந்தக் காலத்துப் பெண்கள் அழகு கெட்டுவிடும் என்று பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுப்பதில்லையாம். மூன்றாம் மாதமே பால்மாவு டின்னைத் திறந்துவிடுகிறார்களாம். பசியாறிக்கொண்டே படித்தேன். பாதித் தோசை தட்டிலேயே கிடந்தது.

நான் பினாங்கு பாயா தெருபோங்கில் பிளாட் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்கிறவள். 22 வருடமாக இதே வேலை. ஒரு சமயத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை, முழங்கால் இடம் கொடுக்காது. பிள்ளைகளின் அம்மாமார் பெரும்பாலும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள்.

இப்போது என்னிடம் ஒரு தம்பி இருக்கிறான். ஐந்து மாதம் முடியப்போகிறது. அவன் அம்மாவுக்கு 12 மணி நேர ஷிஃப்ட், காலை 7 முதல் இரவு 7 வரை. தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் 5:45-க்கே என் கதவைத் தட்டிவிடுவாள். ஒரு தோளில் தூங்குகிற பிள்ளை, இன்னொரு தோளில் ஐஸ் பை. அவன் வந்த புதிதில் அந்தப் பைக்குள் நான்கு பாக்கெட் தாய்ப்பால் இருக்கும். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் தேதி, நேரம், எத்தனை மில்லி என்று எழுதியிருப்பாள். 120, 110, 120, 90. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, ராத்திரி 11 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் உட்கார்ந்து எடுத்த பால் அது. பெரியவர் எழுதிய அழகு கெடுகிற கதை இவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சிரிக்க நேரம் இருக்காது.

இதில் நானே ஒரு பாவம் செய்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்னால் முதன்முதலாக இப்படிப் பாக்கெட்டில் பால் கொண்டுவந்த பெண் வேறொருத்தி. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மறுநாள் ஐஸ் பெட்டியை, அதாவது ஃபிரிட்ஜை, திறந்து பார்த்தால் பால் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே மஞ்சளாக ஏடு, கீழே அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. மோந்து பார்த்தேன், லேசாகச் சோப்பு வாசம். கெட்டுப்போய்விட்டது என்று சிங்க்கில் ஊற்றிவிட்டேன். 150 மில்லி. சாயங்காலம் அவள் வந்ததும், "நல்ல வேளை, பிள்ளைக்குக் கொடுக்காம கொட்டிட்டேன்மா" என்று பெருமையாகவே சொன்னேன். அவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆன்ட்டி, அது நேத்து ரெண்டு தடவை எடுத்தது" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுத்த வாரம் கிளினிக்கில் மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். தாய்ப்பாலில் இருக்கும் கொழுப்பு ஆறினால் மேலே வந்து நிற்கத்தான் செய்யுமாம். போத்தலை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அந்தச் சோப்பு வாசமும் கெட்ட வாசம் இல்லை. பாலிலேயே இருக்கிற ஒரு நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது, பிள்ளை தாராளமாகக் குடிக்கலாம். வெளியில் 4 மணி நேரம், ஐஸ் பெட்டியில் 4 நாள், அதுவும் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்றார். அடுப்பில் காய்ச்சவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் போத்தலை நிற்கவைத்தால் போதும். இத்தனையும் எழுதுவதற்குக் காரணம், இந்தக் கடிதத்தைப் படிக்கிற பாட்டிமார் யாராவது இன்று சாயங்காலம் சிங்க் பக்கம் போகாமல் இருப்பதற்காக.

சரி, தம்பியின் அம்மா கதைக்கு வருகிறேன். நம் மலேசியாவில் தனியார் வேலையில் பிரசவ விடுமுறை முன்பு 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. இவளுக்குப் பிரசவத்துக்கு முன்னாலேயே பத்து நாள் போய்விட்டது. மிச்சம் 88. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நம் அரசாங்க கிளினிக்கும் அதையேதான் சொல்லி அனுப்புகிறது. 180 நாள் சொன்ன பாலுக்கு 88 நாள் விடுமுறை. நடுவில் இருக்கிற மூன்று மாதத்தை அவள் எங்கே போய்த் தேடுவாள்? பம்ப்பில்தான் தேடினாள்.

அவள் வேலை செய்யும் பகுதியில் தூசி ஆகாது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. அதைக் கழற்றி மாட்டவே பத்து நிமிடம் போய்விடுமாம். தேநீர் இடைவேளை 15 நிமிடம். ஆக, பால் எடுப்பதென்றால் சாப்பாட்டு நேரத்தில்தான். இடம், அட்டைப்பெட்டி அடுக்கிய ஒரு ஸ்டோர் அறை. கதவுக்குப் பூட்டு இல்லை. கூட வேலை செய்யும் மலாய்த் தோழி ஒருத்தி வெளியில் காவல் நிற்பாள். இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு நின்றபடியே. முதல் மாதம் எப்படியோ ஒரு நாளைக்கு இரண்டு முறை எடுத்தாள். அப்புறம் சூப்பர்வைசர், "உனக்கு மட்டும்தான் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து ஒரு முறை. வேலை நெருக்கும் நாளில் அதுவும் இல்லை.

பால் சுரப்பு சட்டியில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரி இல்லை. எடுக்க எடுக்கத்தான் ஊறும். பல மணி நேரம் எடுக்காமல் மார் கட்டிக்கொண்டு நின்றால், இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். அதுதான் நடந்தது. நான்கு பாக்கெட் மூன்றாகி, இப்போது இரண்டு. மாமியார் பாவம், பால் சுறா புட்டு, பூண்டு, முருங்கைக் கீரை என்று சமைத்துப் போட்டார். சாப்பிடட்டும், உடம்புக்கு நல்லது. ஆனால் 12 மணி நேரம் எடுக்காத பாலை எந்தச் சுறாவும் கொண்டுவராது. அக்கம்பக்கத்தில் "அவளுக்குப் பால் வத்திப்போச்சு" என்று பேச்சு. ஸ்டோர் அறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். ஆயா டின்பாலை வெந்நீரில் கரைத்து ஊட்டுவார். கோப்பையில் பால் உறைந்துவிடும், நேரத்துக்கு எடு என்று கத்துவதற்கு அங்கே கங்காணி இருந்தார். அம்மாவுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்ததைப் பற்றிக் கத்த ஆள் இல்லை. என் மகள் படித்துச் சொன்னாள்: 1939-லேயே சிங்கப்பூரில் ஒரு ரோட்டரி கூட்டத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், சீனி போட்ட டின்பாலைப் பச்சைப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று விற்பதைக் கொலை என்றே பேசினாராம். இப்போது கடையில் கிடைக்கிற டின்களில் பலவற்றில் பால் என்றுகூடப் போடுவதில்லை, கிரீமர் என்றுதான் இருக்கிறது. செம்பனை எண்ணெயும் சீனியும். அதையும் கரைத்துப் போத்தலில் கொடுக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்குக் கிரீமர் இல்லை, மிச்ச வேளைக்குப் பால்மாவு. அது பெரிய தப்பு இல்லை, சரியாகக் கரைத்தால். ஆனால் ஒரு டின் ஒரு வாரத்தைத் தாண்டுவதே கஷ்டம். முன்பு என்னிடம் இருந்த ஒரு பாப்பாவின் அம்மா மாதக் கடைசியில், "ஆன்ட்டி, நாலு கரண்டிக்குப் பதிலா மூணு போடுங்களேன்" என்று தயங்கிக்கொண்டே கேட்டாள். அவர்கள் வாங்கிய மாவுக்கு 120 மில்லிக்கு நான்கு கரண்டி கணக்கு. மாட்டேன் என்றேன். வீட்டில் மூன்றுதான் போட்டிருக்கிறார்கள் என்று பிறகு பாப்பாவின் கிளினிக் புத்தகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. எடைக் கோடு இரண்டு மாதம் ஏறாமல் படுத்துக் கிடந்தது. போத்தல் நிறைய வெள்ளையாகத்தான் தெரியும், வயிறும் நிறையும், பிள்ளை மட்டும் வளராது.

எல்லாத் தொழிற்சாலையும் ஒரே மாதிரி என்று சொல்லவில்லை. அதே பாயான் லெப்பாஸில் வேறொரு இடத்தில் வேலை செய்த பெண்ணுக்குத் தனி அறை, ஐஸ் பெட்டி, சாய்வு நாற்காலிகூட இருந்தது. அவள் பிள்ளை ஒன்றேகால் வயது வரை தாய்ப்பால் குடித்தான். இரண்டு பெண்களின் உடம்பிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தொழிற்சாலை முதலாளி மனசு வைத்தால் அறை உண்டு, இல்லையென்றால் அட்டைப்பெட்டி. இதுதான் இன்றைய நிலைமை. நம் வேலைச் சட்டத்தில் பால் எடுக்க நேரம் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2000-ஆம் ஆண்டில் போட்ட ஒப்பந்தத்தில் இரண்டும் இருக்கின்றன: குறைந்தது 14 வார விடுமுறை, அப்புறம் பால் கொடுக்கச் சம்பளம் பிடிக்காத இடைவேளை. 14 வாரம் என்றால் 98 நாள். அந்தப் பாதியை எடுத்துக்கொண்டோம், இந்தப் பாதியை விட்டுவிட்டோம். ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். 1992-லிருந்து அதை ஒருங்கிணைக்கும் உலகத் தாய்ப்பால் அமைப்பின் அலுவலகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது. உலகம் முழுக்க இங்கிருந்து சேதி போகிறது. பாயான் லெப்பாஸுக்குப் போக எத்தனை மைல்?

நான் கேட்பது ஷிஃப்டுக்கு இரண்டு முறை, உடுப்பு மாற்றும் நேரம் போக 20 நிமிடம். ஒரு நாற்காலி, ஒரு பிளக், கதவுக்கு ஒரு பூட்டு. நம் சட்டமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கக்காரர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாள் காலை 5:45-க்கு வந்து பார்க்கட்டும், காப்பி போட்டு வைக்கிறேன். எட்டாவது மாடி. இந்த வாரம் ஒரு லிஃப்ட்தான் ஓடுகிறது, கொஞ்சம் முன்னதாகவே கிளம்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஒரு வாசகி,
பாயா தெருபோங், பினாங்கு.