பக்கியை உயர்த்த ஷோரூம் கேட்கும் விலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புது பக்கி வாங்கப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம், வண்டியின் உடல் தரையிலிருந்து இன்னும் மேலே நிற்கும்படி உயர்த்தித் தருவதற்கு ஷோரூமில் என்ன விலை கேட்கிறார்கள், அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்காக: பிக்கப் வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் பக்கி என்றுதான் சொல்கிறோம். நான் டர்பனில் உள்ள இசிப்பிங்கோக்காரன். வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் முதலியவற்றின் சஸ்பென்ஷன் வேலையும், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டும்தான் எனக்குச் சோறு போட்ட தொழில். டொயோட்டா ஹைலக்ஸ் தயாராகும் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலை எங்கள் ஊரை ஒட்டியே இருக்கிறது. அந்த வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது.

என் தங்கை மகன் டர்பனிலேயே சாட்ஸ்வர்த்தில் இருக்கிறான். வீடுகளுக்கு ஏசி மாட்டும் தொழில். தொழிலுக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து இரண்டு வரிசை இருக்கை உள்ள ஒரு டபுள் கேப் பக்கி எடுக்கலாம் என்று ஷோரூமுக்குப் போனான். வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தித் தருகிறோம் என்று சொல்லி, விலைச்சீட்டில் ஒரே வரியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்: சஸ்பென்ஷன் மேம்பாடு, 56,000 ராண்ட். டயர் மாற்றினால் அதற்குத் தனி விலை. “மாசம் ஆயிரம் ராண்ட்தான் கூட வரும்னு சொல்றாங்க மாமா” என்றான். சீட்டை வாங்கிப் பார்த்தேன். உதிரிப் பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு, அலைன்மென்ட் உண்டா இல்லையா, எதுவுமே இல்லை. மாட்டப் போகும் பாகங்களின் தொகுப்பு, அதாவது கிட், எந்தக் கம்பெனி என்பதையே அவன் திரும்பப் போன் செய்துதான் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

அதே கம்பெனி கிட், அதே உயரம், அதே வண்டி. பாகங்களைப் பொருத்தித் தரும் பட்டறையை ஃபிட்மென்ட் சென்டர் என்போம். எனக்குத் தெரிந்த அப்படி ஒன்றில் விலை கேட்டேன். பாகங்கள் 22,400, கூலி 4,800, அலைன்மென்ட் 950. ஆகமொத்தம் 28,150 ராண்ட், 15 சதவீத வாட் வரி உட்பட. ஷோரூம் விலையில் ஏறக்குறையப் பாதி.

மீதிப் பாதி எங்கே போகிறது? பெரும்பாலான ஷோரூம்களில் இந்த வேலை செய்ய ஆளே கிடையாது. வண்டியை வெளியே ஒரு ஃபிட்மென்ட் சென்டருக்கு அனுப்புவார்கள், பில் வரும், அதன் மேல் தங்கள் பங்கைப் போடுவார்கள். அப்படி அனுப்பி வந்த வண்டிகளை நானே நிறையச் செய்திருக்கிறேன். லாபம் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. வண்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவு உண்டு, பிறகு ஏதாவது சத்தம் வந்தால் வாடிக்கையாளர் அவர்கள் வாசலில்தான் வந்து நிற்பார். ஆனால் எவ்வளவு லாபத்துக்கு எவ்வளவு பொறுப்பு ஏற்கிறார்கள் என்பது அந்தச் சீட்டில் தெரிய வேண்டும். ஒரே வரியில் எழுதினால் எதுவும் தெரியாது.

இதைவிடப் பெரிய சங்கதி கடன். ஆறு வருடக் கடன், அதாவது 72 மாதம், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 56,000 ராண்டுக்கு மாதத் தவணை சுமார் 1,066 வருகிறது. “மாசம் ஆயிரம்தான்” என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் 72 மாதம் கட்டி முடிக்கும்போது அது 76,750 ராண்ட் ஆகியிருக்கும். வெளியே 28,150 ராண்டுக்கு முடியும் வேலை! நிறைய ஓடும் தொழில் வண்டியில் ஷாக் அப்சார்பர்களும் ரப்பர் புஷ்களும் கடன் முடிவதற்கு முன்பே தேய்ந்துபோகும். புது ஷாக் வாங்கும்போதும் பழைய ஷாக்குக்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். இதில் கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டிய பலூன் தொகை வேறு வைத்துவிட்டால் கடைசி மாதத்தில் ஒரு பெரும் பாரம் காத்திருக்கும். வண்டியை விற்கப் போனால், உயர்த்திய செலவைக் கணக்கில் எடுத்து யாரும் கூடுதலாகத் தருவதில்லை.

சரி, உயர்த்துவது என்றால் என்ன வேலை? இதைச் சொன்னால்தான் விலையின் நியாயம் புரியும். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்ற வண்டிகளில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்), பின்பக்கம் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய வில்). முன்பக்கத்தை உயர்த்த மலிவான வழி ஒன்று இருக்கிறது. பழைய ஸ்பிரிங், பழைய ஷாக் அப்படியே இருக்க, மேலே ஸ்பேசர் என்ற ஒரு இடைவெளித் துண்டை வைத்து முறுக்கிவிடுவது. பின்னால் லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு கட்டை. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி உயர்ந்துதான் நிற்கும். செலவு சில ஆயிரம் ராண்ட்தான். ஆனால் சக்கரம் கீழே இறங்கும் எல்லை கூடிவிடுவதால் சக்கரத்தைத் திரும்ப விடும் பால் ஜாயின்ட்டும், எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டும் அவற்றுக்கு ஒத்துவராத கோணத்தில் உழைக்கும். முழு வேலை என்றால் நான்கு ஷாக்கும் புதிது, முன் காயிலும் பின் லீஃப் தொகுதியும் புதிது, பின்னால் லீஃபைப் பிடித்திருக்கும் புஷ்ஷும் ஷாக்கிளும் யூ-போல்ட்டும் புதிது. இந்த இரண்டு வேலையையும் “லிஃப்ட்” என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். இரண்டில் எது என்று எழுத்தில் இல்லாவிட்டால் 56,000 கொடுத்தவனுக்கு எது கிடைத்தது என்று யார் சொல்வது?

அப்புறம் அலைன்மென்ட். என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் கோணம் குறையும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வருவது அந்தக் கோணத்தால்தான். அது குறைந்தால் என்-2 நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டி ஒரு பிடிப்பில்லாமல் அலைபாயும். 50 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மில் இதற்கென்றே உள்ள காம் போல்ட்டைத் திருப்பியே கோணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு மேல் போனால் மேல் ஆர்மையே, அதாவது அப்பர் கன்ட்ரோல் ஆர்மை, மாற்ற வேண்டி வரும், அது தனிச் செலவு. எதுவாக இருந்தாலும் உயர்த்துவதற்கு முன் ஒரு அளவு, உயர்த்திய பிறகு ஒரு அளவு என்று இரண்டையும் மெஷின் அச்சடித்துக் கொடுக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும், அலைன்மென்ட்டையும் பார்க்க வேண்டும். அது அந்த விலையில் அடங்குமா என்பதையும் முன்பே கேட்க வேண்டும். முன் விளக்கின் வெளிச்சத்தையும் இறக்கி வைக்க வேண்டும். உயர்த்திய வண்டிகள் எதிரில் வருபவர் கண்ணில் அடித்துக்கொண்டு போவதைச் சாட்ஸ்வர்த் மேடுகளில் தினமும் பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் விட்டதன் பலன் அது.

விற்பனையாளர் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை என் மருமகனிடம் யாரும் கேட்கவில்லை. “வண்டியில் எவ்வளவு எடை ஏற்றுவீர்கள்?” என்பதுதான் அது. ஸ்பிரிங்கை எடைக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவன் வண்டியில் பின் தொட்டியை மூடும் கேனபி, ஏணி, செப்புக் குழாய்ச் சுருள்கள், கேஸ் சிலிண்டர், சில நாள் மூன்று நான்கு ஏசி யூனிட். வார நாளில் பாரம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது காலி. கனமான ஸ்பிரிங் போட்டால் காலி வண்டி குதிக்கும், மெல்லியதைப் போட்டால் திங்கட்கிழமை பின்பக்கம் தொங்கும். இதைக் கேட்காமல் விலை சொல்கிறார்கள் என்றால் எல்லோருக்கும் ஒரே கிட்டைத்தான் மாட்டப் போகிறார்கள். இன்னொன்று: கனமான ஸ்பிரிங் போட்டதால் வண்டி சட்டப்படி ஏற்றக்கூடிய எடை கூடிவிடாது. தயாரிப்பாளர் சொன்ன மொத்த எடை வரம்பு அப்படியேதான் இருக்கும்.

ஷோரூமில் செய்வதற்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அது வாரன்ட்டி. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 56-ஆவது பிரிவு, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கவோ, சரிசெய்யச் சொல்லவோ, மாற்றிக் கேட்கவோ உரிமை தருகிறது. ஆனால் பொருள் விற்றவர் கையை விட்டுப் போன பிறகு மாற்றப்பட்டிருந்தால் அந்த அளவுக்கு உரிமை போய்விடும் என்று அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. ஷோரூமே உயர்த்திக் கொடுத்தால், தன் கையில் இருக்கும்போது தானே செய்த மாற்றத்தைக் காட்டித் தப்பிக்க அவர்களுக்கு வழி குறைவு. தயாரிப்பாளரின் வாரன்ட்டி வேறு. அது நிற்குமா என்பதற்கு அவர்களிடமிருந்து எழுத்து வேண்டும். “இந்தக் கிட்டை, இந்த உயரத்துக்கு, நாங்கள் பொருத்தினோம், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், டிரைவ்ஷாஃப்ட் வாரன்ட்டி தொடரும்” என்று ஷோரூம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்று நானே சொல்வேன். என் மருமகன் அந்தக் கடிதத்தைக் கேட்டான். “வாய்மொழியாகச் சொல்கிறோமே, போதாதா?” என்றார்கள். போதாது. கூடுதல் விலையின் ஒரே நியாயமே அந்தக் கடிதம்தான்.

வெளியே செய்தால் முழு வாரன்ட்டியும் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. வெளியே சர்வீஸ் செய்தார், வெளியே பாகம் போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை மொத்தமாக ரத்து செய்யும் பழக்கத்தை நிறுத்தத்தான் அவை வந்தன. கிட் காரணமாக சிவி ஜாயின்ட் உடைந்தால் அதைத் தயாரிப்பாளர் ஏற்கமாட்டார், அது சரிதான். ரேடியோ வேலை செய்யாததற்கு லிஃப்ட்டைக் காரணம் சொல்ல முடியாது. வண்டி விலையையும் சர்வீஸ், பராமரிப்புத் திட்டங்களின் விலையையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதும் அந்த வழிகாட்டுதல்களில் இருக்கிறது. தகராறு வந்தால் மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மறக்காமல் எழுத்தில் தெரியப்படுத்த வேண்டும். விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் பணம் கைக்கு வராமலே போகலாம்.

உயர்த்துவதே தேவையா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. சிலருக்குத் தேவைதான். டொங்காட், வெருலம் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குள் மழைக்காலத்தில் ஓட்டுபவர்கள், ட்ராக்கன்ஸ்பர்க் பக்கம் பாரத்தோடு போகிறவர்கள் நல்ல சஸ்பென்ஷன் போடுவது வீண் செலவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். சஸ்பென்ஷனை உயர்த்தினால் உடல்தான் உயரும், பின் அச்சில் உருண்டையாகத் தொங்கும் டிஃப்பரென்ஷியல் கியர்ப் பெட்டி இருந்த இடத்தில்தான் இருக்கும். அதைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே. 265/65 ஆர்17 டயரை 265/70 ஆர்17 ஆக்கினால் அச்சுக்கு அடியில் 13 மில்லிமீட்டர் கிடைக்கும், அவ்வளவுதான். கூடவே ஸ்பீடோமீட்டர் மூன்று சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

டர்பனில் வந்த 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு “உயரமான வண்டி இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம்” என்ற எண்ணம் நம் மக்களிடம் வந்துவிட்டது. அந்த வெள்ளம் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலைக்குள்ளேயே புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தியை நிறுத்தியது. எங்கள் பகுதியில் யாரும் அதை மறக்கவில்லை. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், 50 மில்லிமீட்டரை நம்பி ஓடும் தண்ணீரில் யாரும் வண்டியை இறக்க வேண்டாம். ஓடும் தண்ணீர் பக்கியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். என் தங்கைக்கு முழங்கால் வலி. புடவையோடு சாதாரண டபுள் கேப்பில் ஏறவே மகனின் தோளைப் பிடிக்கிறாள்.

கடைசியில் அவன் அந்த ஒரு வரியைச் சீட்டிலிருந்து எடுக்கச் சொல்லி, வண்டிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டான். மாதா மாதம் அந்த ஆயிரத்தைத் தனியாகப் போட்டு வருகிறான். தேவை என்று பட்டால் கடனில்லாமல் சேர்த்த பணத்தைக் கொடுத்தே செய்துகொள்ளட்டும், நான் கூட நின்று பார்த்துக்கொள்வேன்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். சமீபத்தில் ஷோரூமில் வண்டியை உயர்த்திக்கொண்ட வாசகர்கள் தங்கள் விலைச்சீட்டைப் பெயரும் கணக்கு எண்ணும் மறைத்து உங்களுக்கு அனுப்பினால், உதிரிப் பாகம், கூலி, அலைன்மென்ட், வரி என்று பிரித்து ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். பிரித்து எழுதாத சீட்டு என்றால் அதையும் அப்படியே போடுங்கள். அலைன்மென்ட் அளவுத் தாளைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் அதையும் அனுப்பட்டும். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்பதை உங்கள் வழியாக எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சஸ்பென்ஷன் மெக்கானிக்,
இசிப்பிங்கோ, டர்பன்.