திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவர்களுக்கு ஒரு கடிதம்

2005, ஏப்ரல் 20

அன்புள்ள திருத்தந்தையே,

இயேசுவுக்கே புகழ்!

நேற்று ராத்திரி நீங்கள் மாடத்தில் வந்து நின்று, ஆண்டவருடைய திராட்சைத் தோட்டத்தின் எளிய தொழிலாளி என்று சொன்னபோது நாங்கள் எல்லோரும் டிவி முன்னால்தான் இருந்தோம். அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். எனக்கு மனசு பாரமாகிவிட்டது.

பெண்களுக்குக் குருப்பட்டம், கருத்தடை, தன்பாலுறவு பற்றியெல்லாம் உங்கள் நிலைப்பாடு உலகம் அறிந்தது. கர்தினால்கள் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், சரி. என் கவலை, கேள்வி கேட்டவர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றியது.

1963 நவம்பரில், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் ஜெர்மனியின் கர்தினால் ஃப்ரிங்ஸ் எழுந்து, குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமலே தீர்ப்பளிக்கிறது என்று, விசுவாசக் கோட்பாடுகளைக் கண்காணிக்கும் உரோமை அலுவலகத்தைக் கண்டித்தார். அவருக்கு அப்போது ஆலோசகர் நீங்கள். வயது 36. அதே அலுவலகம் வேறு பெயரில் 1981இல் உங்கள் கைக்கு வந்தது. 1985இல் பிரேசிலின் இறையியலாளர் லியோனார்டோ போஃப் மௌனம் காக்கக் கட்டளை பெற்றார். நம் நாட்டு இயேசு சபை குரு அந்தோணி டி மெல்லோவின் எழுத்துக்கு எதிராக 1998இல் எச்சரிக்கை வந்தது. அவர் இறந்தே 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. யார் பதில் சொல்வது?

இலங்கையின் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் உயிரோடுதான் இருந்தார். மரியாள் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்காக ஒரு விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்டீர்கள். பெண்கள் குருக்களாக முடியாது என்ற வரியும் அதில் இருந்தது. மறுத்தார். 1997 ஜனவரியில், 72 வயதில், திருச்சபைக்குப் புறம்பானார். ஒரு வருடம் கழித்துத் திரும்ப ஏற்றுக்கொண்டீர்கள். ஆனால் அந்த வயதில் ஒரு குருவுக்கு அந்த ஒரு வருடம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

எதுவுமே நிலையானதல்ல என்னும் சார்புவாதம் சர்வாதிகாரமாகிறது என்று திங்கட்கிழமை மறையுரையில் எச்சரித்தீர்கள். ஐரோப்பாவைப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலுக்கு எனக்கு முன்னால் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் பக்கத்து வீட்டு அக்கா. இந்து. பிற சமயத்தார் பெரும் குறைபாடான நிலையில் இருக்கிறார்கள் என்று 2000இல் நீங்கள் கையெழுத்திட்ட அறிக்கையைப் படித்த அன்று அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவருக்கு எதிலும் பிடிப்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது. என் விசுவாசமும் அவரால் குறையவில்லை.

உங்களிடம் கொள்கையை மாற்றச் சொல்லவில்லை. பாலசூரிய அடிகளாருக்கு இப்போது 80 வயது, உங்களைவிட இரண்டு வயது மூத்தவர். ஒருமுறை அவரை அழைத்து, தீர்ப்பு எதுவும் எழுதாமல், எதிரே உட்காரவைத்துப் பேசுங்கள்.

உங்களுக்காகச் செபிக்கும்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு விசுவாசி