ஜீப் கணக்கு ஆப்: சோதனைப் பதிப்புக்கு ஆள் வேண்டும்

கம்பம், குமுளி ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றும் ஜீப்பின் வாடகைக் கணக்கு போடும் நம் ஆப்பின் புதிய பதிப்பை எல்லோருக்கும் விடுவதற்கு முன் சிலர் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். ப்ளே ஸ்டோரில் ஆப்பின் பக்கத்தைக் கீழே தள்ளினால் பீட்டாவில் (சோதனைப் பதிப்பில்) சேர வழி இருக்கும்.

கம்பம்மெட்டு ஏற்றத்தில் சிக்னல் போன இடத்தில் ஏலத்தோட்ட ஆட்களின் பெயரைப் போட்டுப் பாருங்கள். சிக்னல் வந்ததும் ஒரே வாடகை கணக்கில் இரண்டு தடவை பதிவாகிறதா? அதுதான் முக்கியம். வீட்டு வைஃபையில் நானே பார்த்துவிடுவேன். பழைய, இழுத்து இழுத்து ஓடும் போன்காரர்கள் அவசியம் வாங்க.

"வேலை செய்யல" என்று மட்டும் போட்டால் எனக்குப் புரியாது. ஸ்கிரீன்ஷாட், போன் மாடல், இடம் மூன்றும் வேண்டும்.

அப்புறம், பீட்டாவிலிருந்து விலகினாலும் பழைய பதிப்பு தானாக வராது. ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும்; அப்போது போட்ட கணக்கு போய்விடலாம். அதனால் கணக்கை நோட்டிலும் எழுதி வையுங்கள்.