பாட்டி வீட்டு 7.30-க்கு உதவிய எல்லாருக்கும்

வணக்கம். என் ஊர் மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட். வேலை ஜொகூர் பாருவில், அதுவும் ஷிப்டு வேலை. பாட்டி மட்டும் டவுனுக்கு வெளியே ரப்பர் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார், எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறார். அவர் வீட்டு மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. காலை 6 மணிக்கு அதில் மின்னல் எஃப்எம் வானொலி தானாகப் பாட ஆரம்பிக்கும். சாயங்காலம் 7.30-க்கு நானும் பாட்டியும் முகம் பார்த்துப் பேசும் வீடியோ அறை திறக்கும். ஞாயிற்றுக்கிழமை லண்டனில் இருக்கும் மாமா மகனுக்காக இன்னொரு அறை. சொன்ன நேரத்துக்குச் சொன்ன புரோகிராமைத் திறந்துவிடும் அந்தச் சின்ன மென்பொருளை நான்தான் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினேன், மூன்று மாதமாக ஒழுங்காக ஓடுகிறது. நான் எழுதினேன் என்று சொன்னாலும், அதில் பாதிக்கு மேல் மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தது. அவர்களுக்கெல்லாம் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது.

முதலில் டவுனில் இருக்கும் கம்ப்யூட்டர் கடை அண்ணன். அண்ணே, அந்தக் கம்ப்யூட்டரை நீங்கள் சும்மாதான் கொடுத்தீர்கள், பட்டன் பேட்டரிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டீர்கள். நம் பக்கம் சாயங்காலமானால் இடியும் மின்னலும் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. கரண்டு போய் வந்ததும் மிஷின் அணைந்தே கிடந்தது, கையால் தட்டிவிட்டால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய் நின்றது. தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி செத்துப்போனால் மின்சாரம் இல்லாத நேரத்தில் மணியை ஞாபகம் வைத்துக்கொள்ள ஆள் கிடையாது என்று காட்டி, புதுசு போட்டு, கரண்டு வந்ததும் தானாக எழுந்திருக்கும்படி, மிஷின் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ஓர் அமைப்பையும் மாற்றிக் கொடுத்தீர்கள். நேரத்தை நம்பி ஓடும் மென்பொருளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. இப்போது என் புரோகிராம் எழுந்தவுடன், கடைசியாகத் தான் ஓடிய தேதியை விடக் கம்ப்யூட்டரின் தேதி பழசாக இருந்தால் எதையும் திறக்காமல், இணையத்திலிருந்து சரியான நேரம் வரும்வரை காத்திருக்கிறது. அந்த யோசனை உங்கள் கடையில் நின்றபோது வந்ததுதான்.

சொன்ன நேரத்துக்குப் புரோகிராமைத் திறக்க விண்டோஸிலேயே டாஸ்க் ஷெட்யூலர் என்ற கருவி இருக்கிறதே, எதற்குப் புதிதாக எழுத வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நானும் முதலில் என் மடிக்கணினியில் அதைத்தான் வைத்துப் பார்த்தேன். சார்ஜர் வயரைப் பிடுங்கினால் சத்தமில்லாமல் நின்றுவிடும், ஏனென்றால் மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு என்பது அதில் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். தவறிப்போன நேரத்தைப் பிறகு பிடித்துக்கொள்ளும் அமைப்போ டிக் இல்லாமல் இருக்கும். யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடட்டும் என்று மாற்றினால் புரோகிராம் பின்னால் எங்கோ ஓடும், திரையில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, தெரிந்தவர்களுக்கு அது நல்ல கருவிதான். எனக்கு வேண்டியது பாட்டியின் பக்கத்து வீட்டு அக்காகூடத் திறந்து நேரத்தை மாற்றும் அளவுக்கு எளிமையான ஒன்று. நேரம், பெயர், ஆன் ஆஃப், அவ்வளவுதான்.

அப்புறம் என்னோடு வேலை செய்யும் சீனியர் அக்கா. என் முதல் பதிப்பு 7.30-க்கு இன்னும் எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டு, அத்தனை விநாடியும் ஒரேயடியாகக் காத்திருந்தது. இடையில் கம்ப்யூட்டர் தூக்க நிலைக்குப் போய் எழுந்தால் கணக்கெல்லாம் பிசகியது. அக்கா கான்டீனில் டிஷ்யூ காகிதத்தில் எழுதிக் காட்டினார்: "ஒரேயடியா தூங்காத. 20 விநாடிக்கு ஒரு தரம் எழுந்து மணியப் பாரு, பட்டியலப் பாரு." தோட்டத்தில் கங்காணி மரங்களை நிரைக்கு நிரை போய்ப் பார்ப்பது மாதிரி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. 7.30 ஆகிவிட்டதா என்று சரிசமமாக ஒப்பிட்டால் அந்த விநாடியைத் தவறவிடுவாய், 7.30 தாண்டிவிட்டதா, இன்றைக்கு இன்னும் திறக்கவில்லையா என்று இரண்டையும் சேர்த்துக் கேள் என்று சொன்னதும் அவர்தான். விண்டோஸில் புரோகிராம்கள் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற கோப்புறையின் பெயருக்கு நடுவில் ஒரு இடைவெளி இருப்பதால் பாதை இரண்டாக உடைந்து எதுவுமே திறக்காமல் நான் தவித்தபோது, பாதையை ஒரே சரமாக எழுதாமல் பட்டியலாகக் கொடு என்று ஒரே வரியில் முடித்துவைத்தார். அக்கா, அந்த டிஷ்யூ இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தையே எழுதவைத்தது.

மாமா மகனுடன் பேசுவது லண்டன் நேரத்தில் மதியம் 12 மணிக்கு. அங்கே கோடையில் அது நமக்கு இரவு 7, குளிர்காலத்தில் இரவு 8. அதனால் நேரவலயங்களைக் கையாளும் ஒரு பழைய பைத்தான் தொகுப்பை உள்ளே சேர்த்தேன். சேர்த்த அன்றிலிருந்து எல்லாமே குழம்பியது. நான் இங்கே 7.30-க்குத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பேன், அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். இணையம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விடுவேன்.

பாட்டிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் மரம் சீவியவர், மணி பார்ப்பதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் திரை திறந்த நேரத்தைப் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அதைப் படமெடுத்து அனுப்பினார். 8.35, 8.35, 8.35, 8.35. நான்கு நாளும் ஒரே எண், கொஞ்சம் நடுங்கிய கையெழுத்தில். இணையக் கோளாறு என்றால் நாளுக்கு ஒரு நேரம் காட்டும். தினமும் சரியாக 1 மணி 5 நிமிடம் என்றால் தப்பு என் கணக்கில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நான் அங்கே இல்லாத நான்கு இரவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் திரை முன்னால் காத்திருந்திருக்கிறார் என்பதும் அதே படத்தில்தான் தெரிந்தது.

தேடிப் பார்த்தேன். அந்தத் தொகுப்பை நான் பயன்படுத்திய விதத்தில், நாம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் என்பதற்குப் பதிலாக 6 மணி 55 நிமிடம் முன்னால் என்று எடுத்துக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்த எண் என்று புரியவே இல்லை. லீவில் ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம நேரம் எப்பவும் எட்டு இல்லம்மா" என்றார். 1981 டிசம்பர் 31-ஆம் தேதி ராத்திரி 11.30 ஆனதும் கடிகாரத்தை 12-க்குத் தள்ளிவைத்தார்கள், சபா சரவாக்கோடு தீபகற்பத்துக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று. மறுநாள் 1982. காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு மணி அடித்தால் முன்னைவிட இருட்டாக இருந்ததாம். விடிகிற குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். "கடிகாரம் மாறிச்சு, பால் வடியற நேரம் மாறலயே" என்றார் ஐயா. ஜப்பான்காரன் காலத்தில் டோக்கியோ நேரம் ஓடியது என்று தன் அப்பா சொன்னதையும் சொன்னார்.

அன்றிரவே, எந்த ஊரில் எப்போது கடிகாரம் மாறியது என்று கம்ப்யூட்டர்களுக்காகக் குறித்துவைத்திருக்கும் நேரவலயத் தரவைத் திறந்து பார்த்தேன். ஐயா சொன்னது அத்தனையும் வரிசையாக இருந்தது. கோலாலம்பூருக்கு இப்போது சிங்கப்பூர் வரியையே காட்டுகிறார்கள். கிரீன்விச்சுக்கு எவ்வளவு முன்னால் என்ற கணக்கில், பழைய உள்ளூர் நேரம் 6 மணி 55 நிமிடம் 25 விநாடி, 1905-இல் 7 மணி, 1933-இல் 7.20, 1941-இல் 7.30, 1942 பிப்ரவரியில் ஜப்பானின் 9, 1945 செப்டம்பரில் மறுபடி 7.30, பிறகு 8. என் புரோகிராம் அந்தப் பட்டியலின் முதல் வரியை எடுத்துக்கொண்டு, பாட்டியை நூறு வருஷத்துக்கு முந்தைய நேரத்தில் உட்காரவைத்திருந்தது. பழைய தொகுப்பை விட்டுவிட்டு, பைத்தான் 3.9-இல் அதனுடனேயே வந்த ஸோன்இன்ஃபோ என்ற நேரவலயக் கருவிக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. விண்டோஸில் அதற்கு டிஇசட்டேட்டா என்ற தரவுத் தொகுப்பையும் தனியாக நிறுவ வேண்டும், இதே வேலையில் இறங்குகிறவர்கள் மறந்துவிடாதீர்கள்.

கிராணி ஐயா, நீங்கள் சொல்லாவிட்டால் நான் ஒரு மணி ஐந்து நிமிடத்தைக் கழித்துவிட்டு ஒட்டுப்போட்டிருப்பேன், லண்டன் அழைப்பு வேறு விதமாகக் கெட்டிருக்கும். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எக்கர்ட் பார்த்துக்கொள்ளும் அந்த நேரவலயத் தரவுக்கும், ஸோன்இன்ஃபோவைக் கொண்டுவந்த பால் கான்ஸ்லுக்கும் இந்தத் தமிழ்க் கடிதம் போய்ச் சேராது. ஆனாலும் நன்றி. நம் தோட்டத்து ஜனங்கள் ஓர் இரவில் இழந்த அரை மணி நேரத்தைக்கூட விடாமல் யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீடியோ அறையில் சேரும் பொத்தானை அழுத்தப் பாட்டிக்கு மவுஸில் எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தது. அக்கா தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இடது பொத்தானில் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து பாட்டி யாரையும் கூப்பிடுவதில்லை. அந்தப் பொட்டு இரண்டு முறை தேய்ந்துபோய் இரண்டு முறையும் அக்காதான் புதுசு ஒட்டியிருக்கிறார்.

மென்பொருள் வேண்டுமென்றால் பென்டிரைவோடு கடை அண்ணனிடம் போங்கள், அவரிடம் ஒரு பிரதி கொடுத்துவைத்திருக்கிறேன், காசு எதுவும் கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனில் கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்கள், அன்று அழைப்பு 8 மணிக்குத் திறக்கிறதா என்று பார்க்கப் பாட்டி இப்போதே நாள்காட்டியில் அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டுவைத்திருக்கிறார்.